எச்-இண்டெக்ஸ் 19, மேற்கோள் 12,400: இந்தப் பக்கத்தில் எங்கே கை வைத்துப் பார்ப்பது?

இரணியல் மாமா

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை மகள் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடிக்கொண்டிருக்கிறாள். குமரி மாவட்டத்தில் குளச்சல் முதல் நீரோடி வரையுள்ள மீனவ ஊர்களில் ரத்த அழுத்தம் பற்றி ஆராய வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு பேராசிரியர் சேர்த்துக்கொள்ளத் தயார் என்று பதில் எழுதியிருக்கிறார். நம் மாவட்டத்துக்காரர்தான், வெளியூரில் பணி. 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலில் அவர் பெயர் வந்தபோது செய்தித்தாளில் படத்தோடு போட்டார்கள். சொந்த ஊர் ஜங்ஷனில் பிளக்ஸ் போர்டும் வைத்தார்கள். வீட்டில் எல்லோரும் அந்த போர்டிலேயே மயங்கிப் போயிருக்கிறார்கள்.

கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளத்தில் அவருக்கு உள்ள பக்கத்தைப் பிள்ளை எனக்குத் திறந்து காட்டினாள். கட்டுரைகள் 73. மொத்த மேற்கோள், அதாவது மற்றக் கட்டுரைகள் இவருடைய கட்டுரைகளைச் சுட்டிய எண்ணிக்கை, 12,400. எச்-இண்டெக்ஸ் 19. ஐ10 என்று ஒன்று, அது 34. நான் பத்திரப் பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வில்லங்கச் சான்றைக் கையில் கொடுத்தால் எந்த வரியில் சந்தேகப்பட வேண்டும் என்று தெரியும். இந்தப் பக்கத்தில் எங்கே கை வைத்துப் பார்ப்பது? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

நெறியாளர்

பேராசிரியரின் பெயரையோ, அவர் வேலை பார்க்கும் இடத்தையோ யாரும் இங்கே எழுத வேண்டாம். ஊகித்தும் எழுத வேண்டாம். எண்களைப் பற்றி மட்டும் பேசலாம்.

கருங்கல் கதிரவன்

மாமா, இதில் கை வைக்க ஒன்றுமே இல்லை. இவர் அவரை மேற்கோள் காட்டுவார், அவர் இவரை மேற்கோள் காட்டுவார். மொய் எழுதுவது என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான். பிள்ளையை நல்ல மனிதராகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். எண்ணாவது, இண்டெக்ஸாவது.

எண்கணக்கன்

கதிரவன், மொய் நோட்டைக்கூட வாசிக்கத் தெரிந்தவன் வாசித்தால் அந்தக் குடும்பத்தின் உறவுகள் அத்தனையும் தெரிந்துவிடும். வாசிக்காமலேயே தூக்கி எறிய வேண்டாம்.

மாமா, நான் நாகர்கோவிலில் கணிதம் கற்பிப்பவன், மருத்துவம் என் துறை இல்லை. ஆனாலும் நீங்கள் கொடுத்த எண்களிலேயே ஒரு செய்தி இருக்கிறது.

எச்-இண்டெக்ஸ் 19 என்றால், அவருடைய கட்டுரைகளில் 19 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 19 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். ஐ10 என்பது பத்து முறைக்குக் குறையாமல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. அது கூகுள் மட்டும் காட்டும் கணக்கு. எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், சான் டியேகோவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர். அதே கட்டுரையில் அவர் இன்னொன்றையும் கவனித்துச் சொன்னார்: ஒருவரின் மொத்த மேற்கோள் எண்ணிக்கை, பெரும்பாலும் அவருடைய எச்-இண்டெக்ஸின் வர்க்கத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கும். இயற்பியலாளர்களைப் பார்த்துச் சொன்னது அது. மற்றத் துறைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் முதல் பார்வைக்கு உதவும்.

19ஐ 19ஆல் பெருக்கினால் 361. மூன்று மடங்கு 1,083, ஐந்து மடங்கு 1,805. இவருக்கு இருப்பதோ 12,400. அதாவது 34 மடங்கு. ஏதோ ஒன்றிரண்டு கட்டுரைகள் மட்டும் தனியே ஓங்கி நிற்கின்றன. பக்கத்தில் முதலில் வரும் மூன்று கட்டுரைகளுக்கு நேரே என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இரணியல் மாமா

பிள்ளையிடம் கேட்டேன். முதல் கட்டுரை 6,100. இரண்டாவது 3,300. மூன்றாவது 1,600. மூன்றும் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தவை. நான்காவது கட்டுரைக்கு வந்தால் எண் சட்டென்று 96க்கு இறங்கிவிடுகிறது. மூன்றிலும் ஆசிரியர் பெயர்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன, முடியவில்லை. இவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று என்கிறாள்.

எண்கணக்கன்

மூன்றையும் கூட்டினால் 11,000. மிச்சமிருக்கும் 70 கட்டுரைகளுக்கு 1,400. இப்போது 1,400ஐ 361ஆல் வகுத்துப் பாருங்கள், நான்குக்குச் சற்றுக் குறைவு. ஹிர்ஷ் சொன்ன அளவுக்குள் வந்துவிட்டது. அவருடைய சொந்த உழைப்பின் அளவு இந்த 1,400. அந்த 11,000 வேறு ஏதோ வழியில் வந்தது. எந்த வழி என்று மருத்துவத் துறைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

வேளிமலை

நான் சொல்கிறேன். மருத்துவக் கல்லூரி ஒன்றில் சமூக மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன்.

லான்செட், முடியாத பெயர் வரிசை, ஆயிரக்கணக்கில் மேற்கோள் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. உலக நோய்ச்சுமை ஆய்வு என்று ஒன்று நடக்கிறது. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் ஒன்று அதை ஒருங்கிணைக்கிறது. எந்த நாட்டில் எந்த நோயால் எத்தனை பேர் இறக்கிறார்கள், எத்தனை ஆண்டு நலவாழ்வு பறிபோகிறது என்று கணக்கிடும் வேலை. 2019ஆம் ஆண்டுக்கான சுற்றில் 204 நாடுகளையும் ஆட்சிப்பகுதிகளையும், 369 நோய்களையும் காயங்களையும் எடுத்துக்கொண்டார்கள். உலகம் முழுவதிலும் இருந்து தரவு கொடுப்பவர்கள், முறையைச் சரிபார்ப்பவர்கள், வரைவைப் படித்துத் திருத்தம் சொல்பவர்கள் எல்லோரும் கூட்டாசிரியர்களாக வருவார்கள். முக்கியமான சில கட்டுரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கும். பிறகு நீரிழிவு பற்றியோ மாரடைப்பு பற்றியோ எவர் எழுதினாலும் முதல் பத்தியில் 'உலகில் இத்தனை கோடிப் பேர்' என்று தொடங்க வேண்டுமே, அதற்கு இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவார்கள். அப்படித்தான் எண் ஏறுகிறது.

இது மோசடி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வேலை நேர்மையானது, அவசியமானது. ஆனால் ஆயிரம் பேரில் ஒருவராக இருந்ததற்கும், தன் கேள்வியைத் தானே எழுப்பித் தானே விடை தேடியதற்கும் கூகுள் ஸ்காலர் ஒரே மதிப்புத்தான் போடுகிறது. கூட்டுப் பட்டாவில் பெயர் இருந்தால் முழு நிலமும் தன்னுடையது என்று எழுதிக்கொடுக்கும் பக்கம் அது. மாமாவுக்கு இது புரியும்.

மருத்துவக் கட்டுரைகளில் பெயர் வரிசைக்குப் பொருள் உண்டு. பெரும்பாலும் முதலில் இருப்பவர்தான் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர். கடைசியில் இருப்பவர் வழிநடத்திய மூத்தவர். இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் பொறுப்பாசிரியர் என்று ஒருவர் இருப்பார், அவரே விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர். வழிகாட்டியைத் தேடும் பிள்ளை பார்க்க வேண்டியது, இவர் கடைசியிலும் ஒரு மாணவர் முதலிலும் இருக்கும் கட்டுரைகளை. அவை எத்தனை, எந்த இதழில், அந்த மாணவர்கள் இப்போது எங்கே? அந்த 70 கட்டுரைகளில் இதைத் தேடச் சொல்லுங்கள். மேலே உள்ள மூன்றையும் மறந்துவிடலாம்.

கருங்கல் கதிரவன்

அப்படியானால் பிளக்ஸ் போர்டு?

வேளிமலை

அதையும் அவசரப்பட்டுக் கிழிக்க வேண்டாம். 'ஸ்டான்ஃபோர்டு பட்டியல்' என்று செய்தித்தாள்கள் எழுதுவது, அங்கே பேராசிரியராக இருக்கும் ஜான் அயோனிடிஸும் அவருடன் சிலரும் சேர்ந்து ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தை வைத்துத் தயாரிப்பது. பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது அல்ல. உண்மையில் அந்தப் பட்டியல், நாம் பேசுகிற இதே குறையைச் சரிசெய்யப் பார்க்கிறது. மொத்த மேற்கோளோடு நிற்காமல் ஆறு அளவுகளைச் சேர்க்கிறார்கள். தனியாக எழுதியவற்றுக்கு எத்தனை, முதல் ஆசிரியராக இருந்தவற்றுக்கு எத்தனை, கடைசி ஆசிரியராக இருந்தவற்றையும் சேர்த்தால் எத்தனை, கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைத்துப் போட்டால் எச்-இண்டெக்ஸ் என்ன என்றெல்லாம் பார்க்கிறார்கள்.

ஆனால் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று வாழ்நாள் முழுவதற்குமானது, மற்றொன்று ஒரே ஓர் ஆண்டில் கிடைத்த மேற்கோள்களுக்கானது. செய்தித்தாளில் எதுவென்று எழுத மாட்டார்கள், பிளக்ஸில் எழுதவே மாட்டார்கள். தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்த நிலையும் கழிக்காத நிலையும் தனித்தனியாக அதில் இருக்கும். மாமா, அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிப் பார்க்கலாம்.

எண்கணக்கன்

தன் மேற்கோள் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2019இல் நேச்சர் இதழ் இதே அயோனிடிஸ் குழுவின் தரவை வைத்து ஒரு செய்தி வெளியிட்டது. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் பேராசிரியர் பெற்ற மேற்கோள்களில் 94 சதவீதம் அவரும் அவருடைய கூட்டாசிரியர்களுமே கொடுத்துக்கொண்டவை. தன் மேற்கோள் எல்லாமே தவறு இல்லை. பத்து வருடம் ஒரே ஊரில் ஒரே நோயை ஆராய்கிறவர் தன் பழைய கட்டுரையைச் சொல்லாமல் புதியதை எப்படி எழுதுவார்? ஆனால் கால் பங்கைத் தாண்டினால் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

குளச்சல் கடற்காற்று

நான் அரசுப் பணியில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் எண்களை எல்லாம் படித்தேன், பாதி புரிந்தது. என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மீனவ ஊரில் ரத்த அழுத்தம் பார்ப்பது என்றால் காலை பத்து மணிக்குப் போய் எந்த ஆணையும் பார்க்க முடியாது. கட்டுமரக்காரர்கள் விடியுமுன் போயிருப்பார்கள், விசைப்படகுக்காரர்கள் பல நாள் தங்கலுக்குப் போயிருப்பார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போதுதான் கையில் கருவியைச் சுற்ற முடியும். அப்போதும், 'டீச்சரம்மா, இப்போதுதான் சாயா குடித்தேன்' என்பார்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பேச்சை நிறுத்தி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டாம் தடவையும் பார்த்து எழுத வேண்டும். ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் முதல் தடவை எண்ணையே இரண்டாம் கட்டத்திலும் எழுதிவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் இருந்து ஒரு கட்டுரை வந்திருக்கும், அதையும் யாராவது மேற்கோள் காட்டியிருப்பார்கள்.

ஊர் ஊராக அழைத்துப் போய், வீடு காட்டி, மக்களிடம் பேசி ஒத்துழைக்க வைத்த எங்களில் ஒருத்தி பெயரும் எதிலும் வந்ததில்லை. பெயர் வேண்டும் என்று கேட்கவில்லை. அச்சானதும் ஒரு பிரதியாவது கொடுத்திருக்கலாம். 'உங்கள் ஊரில் இத்தனை பேருக்கு அழுத்தம் இருக்கிறது' என்று அந்த மக்களிடம் திரும்பி வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. மாமா, அந்தப் பேராசிரியர் அப்படித் திரும்பி வந்தவரா என்று கேட்டுப் பாருங்கள்.

வேளிமலை

அக்கா சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்திருக்கும் விதிப்படி, தரவு திரட்டியதற்காக மட்டும் ஒருவரை ஆசிரியராகச் சேர்க்க முடியாது. எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கும், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பும் வேண்டும். ஆனால் அதே விதி, அப்படிப்பட்டவர்களுக்கு நன்றியுரையில் பெயர் குறிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே விதியின்படி சேர்க்கக் கூடாத துறைத்தலைவரின் பெயர் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது.

மேற்கோளுக்கும் பயனுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் பொன்காவில் திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றினார். அந்த அனுபவத்தை எழுதிய கட்டுரை 1973இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் வந்தது. இன்றைய அளவுகோலால் இதழின் தகுதியைப் பார்த்து மதிப்பெண் போடுகிற குழு எதுவும் அதற்குப் பெரிய மதிப்பெண் கொடுத்திருக்காது. அக்கா வீடு வீடாகக் கொடுத்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குப் பின்னால் அந்தக் கட்டுரையும் இருக்கிறது.

நெய்யூர் நூலகர்

இந்த இழையில் நெய்யூரைச் சொல்லாமல் விடக் கூடாது. எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல், 1922 பயணத்துக்குப் பிறகு நெய்யூர் மருத்துவமனைக்கு வந்து பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வாழ்வை விட்டு இங்கேயே தங்கியவர். தென் திருவிதாங்கூரில் வயிற்றுப் புண் அப்போது அவ்வளவு பரவலாக இருந்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு அறுவை செய்த அனுபவத்தை வைத்து அவரும் ஓர் என்ற மருத்துவரும் 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் நீண்ட கட்டுரை எழுதினார்கள். நோய்க்குக் காரணம் உணவா, மரச்சீனிக் கிழங்கா என்றெல்லாம் அந்தக் காலத்தில் வாதம் நடந்தது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷலும் வாரனும் வயிற்றுக்குள் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள், 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். காரணத்தைப் பற்றிய பழைய வாதம் ஓய்ந்தது. அதற்காக நெய்யூர்க் கட்டுரை பொய்யாகிவிடவில்லை. இன்ன வட்டாரத்தில், இன்ன காலத்தில், இப்படி நோய் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அதன் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்தால் இன்று ஒரு சாதாரண உதவிப் பேராசிரியரே சிரிப்பார்.

நூலகர் என்ற முறையில் இன்னொரு எச்சரிக்கை. அந்தப் பக்கத்தில் இருக்கும் 73 கட்டுரைகளும் அவருடையவைதானா என்று பாருங்கள். நம் பெயர்முறை இந்தக் கணினிகளுக்குப் பிடிபடுவதில்லை. அப்பா பெயர் முன்னெழுத்தாக வரும், வெளிநாட்டு இதழ் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். எஸ். ராஜன் என்று தேடினால் மார்த்தாண்டத்து எஸ். ராஜனும் மதுரை எஸ். ராஜனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் நான்கு ஜான், ஆறு மேரி. கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றி எழுதிய பெண்கள் இரண்டு ஆட்களாகப் பிரிந்துவிடுவார்கள். இதற்காகத்தான் ஆர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண் 2012இல் வந்தது. அவருக்கு ஆர்சிட் இருந்தால் அதில் உள்ள பட்டியலோடு கூகுள் பட்டியலை ஒத்துப் பாருங்கள்.

ஸ்கோபஸில் எண் குறைவாக வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கூகுள், ஆய்வேடு, கருத்தரங்க மலர், பல்கலைக்கழகத் தளத்தில் கிடக்கும் கோப்பு என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். ஸ்கோபஸ் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எடுக்கும்.

மணவாளக்குறிச்சி மணல்

ஒரு கட்டுரை நிறைய மேற்கோள் பெற்றது என்றால் அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருளா? எங்கள் ஊர்ப் பிரச்சினையில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம், அதனால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். கொல்லம் பக்கத்துக் கடற்கரையிலும் அதே நிலைதான். 1976இல் கொச்சுப்பிள்ளையும் அவருடன் சிலரும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கேரளக் கடற்கரையின் கதிர்வீச்சு மிகுந்த பகுதியில் டவுன் நோய்க்குறி என்ற பிறவிக் குறைபாடு அதிகம் என்பது அதன் முடிவு. அதை எதிர்த்து, ஆய்வுமுறையில் குறை சொல்லிப் பலர் எழுதினார்கள். 1999இல் ரேடியேஷன் ரிசர்ச் இதழில், மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்த குழு, அப்படி வேறுபாடு தெரியவில்லை என்று எழுதியது. பிறகு 2009இல், கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் நடந்த ஆய்வு வந்தது. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள், 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது, ஆனால் கதிர்வீச்சு கூடிய இடத்தில் நோயும் கூடவில்லை என்றார்கள்.

இந்த மூன்று கட்டுரைகளையும் ஆதரிக்கிறவனும் மேற்கோள் காட்டுகிறான், எதிர்க்கிறவனும் காட்டுகிறான். எண் இரண்டையும் கூட்டித்தான் காட்டும். கிள்ளியூர் வட்டத்தில் மணல் எடுக்கும் திட்டம் பற்றிப் பேச்சு வந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் கருநாகப்பள்ளியை இரு தரப்பும் இழுத்தார்கள். மூன்றுமே கேரளத்தில் நடந்தவை என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அங்கே வீட்டுக்குள் அளந்த கதிர்வீச்சும் எங்கள் தெருவில் உள்ளதும் ஒன்றா என்று கேட்டால், 'உனக்கென்ன தெரியும்' என்றார்கள்.

எண்கணக்கன்

நல்ல எடுத்துக்காட்டு. எதிர்ப்பதற்காகவே மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைக்கு வேக்ஃபீல்டை மிஞ்ச ஆள் இல்லை. 1998இல் லான்செட்டில் 12 குழந்தைகளை வைத்து, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டார். 2010இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதன் மேற்கோள் எண்ணை மட்டும் ஒருவரிடம் காட்டினால் மகாமேதை என்பார்.

கருங்கல் கதிரவன்

எல்லோரும் நான் முதலில் சொன்ன இடத்துக்கே சுற்றி வந்திருக்கிறீர்கள். எண்ணை நம்ப முடியாது. 2013இல் சான் பிரான்சிஸ்கோ அறிக்கை என்று ஒன்று வந்தது, ஆய்வாளரை மதிப்பிட, இதழின் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோளான இம்பேக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தாதீர்கள் என்று. அப்போதே சொல்லிவிட்டார்கள். இன்னும் ஏன் இந்த எண் பித்து?

வேளிமலை

அறிக்கையில் கையெழுத்துப் போடுவது எளிது, கதிரவன். எண் இல்லாத காலத்தில் பதவி உயர்வு எப்படி வந்தது என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். யாருடைய சிபாரிசு, எந்தச் சபை, எந்தச் சாதி, எந்த அமைச்சரின் உதவியாளர் என்று போயிற்று. எண்ணைத் திரிக்கலாம்தான். ஆனால் திரித்ததைப் பக்கத்து மேசைக்காரன் கண்டுபிடிக்க முடியும், இதோ இந்த இழையில் ஒரு மாலைப் பொழுதில் எண் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டோமே. சிபாரிசுக் கடிதத்தை யார் கண்டுபிடிப்பது? பெரிய வீட்டுப் பையன் இல்லாத எனக்கு அந்த எண்தான் துணை நின்றது. அதனால்தான் முழுவதும் தூக்கி எறியச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் அந்த விதி உண்டாக்கிய அலங்கோலத்தையும் மறைக்க மாட்டேன். மருத்துவக் கல்லூரியில் இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமானால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கட்டுரைகள் வேண்டும், முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ பொறுப்பாசிரியராகவோ இருக்க வேண்டும். விளைவு, அந்த மூன்று இடத்துக்கு அடிபிடி. நோயாளியைப் பார்க்காதவர் மூன்றாவது ஆசிரியர், கணக்குப் போட்டவர் ஐந்தாவது. காலையில் மின்னஞ்சலைத் திறந்தால், 'மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் மகத்தான ஆய்வை நான்கு நாளில் வெளியிடுகிறோம்' என்று ஐந்து கடிதம் வந்திருக்கும். மகப்பேறு மருத்துவருக்கு வேளாண் இதழில் இருந்து அழைப்பு வரும். நான்கு நாளில் எவர் படித்துத் திருத்தியிருப்பார்? பணம் கட்டினால் போட்டுவிடுவார்கள்.

மாமா, அந்த 70 கட்டுரைகள் வந்த இதழ்களின் பெயர்களைப் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடச் சொல்லுங்கள். இந்திய இதழ் என்பதற்காக ஒதுக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ் 1913 முதல் வருகிறது. பெயரில் 'இன்டர்நேஷனல்' இருப்பதையெல்லாம் பார்த்து மயங்கவும் வேண்டாம்.

நெய்யூர் நூலகர்

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டிய நடைமுறை விவரங்களை ஒருவரும் சொல்லவில்லையே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் வழிகாட்டக் கூடாது. இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. இவரிடம் இப்போது எத்தனை பேர்? ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக இருந்தால் புதிதாக ஆள் சேர்க்கவே முடியாது. எச்-இண்டெக்ஸுக்கு முன்னால் பிறந்த தேதியைப் பாருங்கள்.

அடுத்தது சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இருக்கும் தளம், இலவசம். வழிகாட்டியின் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பதிவு செய்த ஆண்டுக்கும் முடித்த ஆண்டுக்கும் இடையே எத்தனை ஆண்டு? அந்த ஆய்வேட்டில் இருந்து வந்த கட்டுரையில் மாணவர் பெயர் முதலில் இருக்கிறதா, இரண்டாவது இடத்துக்குத் தள்ளப்பட்டதா? பிளக்ஸ் போர்டு சொல்லாததை எல்லாம் அந்த நன்றியுரைப் பக்கம் சொல்லும்.

இரணியல் மாமா

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. பிள்ளையே இங்கே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

தங்கை மகள்

வணக்கம். மாமா என்னைக் கேட்காமலேயே இந்த இழையைத் தொடங்கிவிட்டார், நல்லதாகவே முடிந்தது.

நீங்கள் சொன்னபடி எல்லாம் பார்த்தேன். 2 சதவீதப் பட்டியலில் அவர் பெயர் ஓராண்டுப் பட்டியலில் இருக்கிறது, வாழ்நாள் பட்டியலில் இல்லை. தன் மேற்கோள் மிகக் குறைவு. ஆர்சிட் பட்டியலோடு ஒப்பிட்டபோது கூகுளில் உள்ள இரண்டு கட்டுரைகள் வேறு யாரோ ஒருவருடையவை, பல் மருத்துவம் பற்றியவை. மாணவர் முதலிலும் அவர் கடைசியிலுமாக 14 கட்டுரைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை பப்மெட்டில் கிடைத்தன. இரண்டு மட்டும் நான் கேள்விப்படாத இதழ்களில் வந்திருக்கின்றன. அவர் முதல் ஆசிரியராக எழுதிய பழைய கட்டுரை ஒன்றை முழுவதும் படித்தேன். ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களின் ரத்த அழுத்தம் பற்றியது, 11 மேற்கோள்தான். ஒவ்வொருவருக்கும் எந்த நேரத்தில் அழுத்தம் பார்த்தார்கள், பால் வெட்டி முடித்து எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்று இரண்டு பத்தி எழுதியிருக்கிறார். குளச்சல் அம்மா சொன்ன அதே கவனம். எனக்கு அந்த இரண்டு பத்தி போதும் என்று தோன்றுகிறது.

அவரிடம் முடித்த அக்கா ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். 'வரைவைக் கொடுத்தால் திருப்பித் தர மூன்று மாதம் ஆகும், ஆனால் தரும்போது ஒவ்வொரு வரியிலும் சிவப்பு மை இருக்கும்' என்றார். அவர் ஓய்வு பெற இன்னும் ஏழு ஆண்டு இருக்கிறது. இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள்.

சேரலாம் என்று நினைக்கிறேன். குளச்சல் அம்மாவிடம் ஒரு கேள்வி. பல நாள் தங்கலுக்குப் போகிறவர்களைக் கரையில் எப்போது பிடிப்பது? ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்தால் அவர்கள் எல்லோரும் விடுபட்டுப் போவார்கள் அல்லவா?

குளச்சல் கடற்காற்று

விடுபட்டுத்தான் போவார்கள் மகளே. தடைக்காலத்தில் வா. மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் நாளில் இருந்து ஜூலை கடைசி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆட்கள் ஊரில் இருப்பார்கள், வலை பின்னும் கொட்டகையில் காலை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அப்போது வேலையும் இல்லை, கடன்காரன் வாசலில் நிற்பான், அழுத்தம் ஏறித்தான் இருக்கும். அதையும் உன் தாளில் ஒரு கட்டமாகச் சேர்த்துக்கொள். குளச்சலில் நீ வந்து இறங்கும் நாளை இங்கே தனிச்செய்தியில் எழுது, நான் கூட வருகிறேன்.